பழைய பைக்காரி

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்குப் பல் வந்துவிட்டதா?

போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். எழுத்தில்தான் நமக்குள் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

என் வயிற்றுக் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுசாகவே சொல்கிறேன். கிட்னி இரண்டிலும் நீர்க்கட்டி வந்து வேலை நின்றுபோனதால், தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக ஒரு பைத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட வேண்டும். குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு வழியாகக் கழிவும் அதிகப்படி நீரும் அந்தத் தண்ணீரோடு வந்துவிடும். நாளைக்கு நான்கு பை. மத்தியானப் பை நம் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் அறையில்தான். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வாயை மூடிக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தால், வெளியே காத்திருக்கிற பெண்கள் உள்ளே கள்ளநோட்டு அடிக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஒரு சிக்கல். அந்தத் தண்ணீரில் இருப்பது சர்க்கரை. உடம்பிலிருந்து நீரை இழுப்பதே அதுதான். ஆனால் வருஷக்கணக்கில் சர்க்கரை பட்டுப் பட்டு அந்தச் சவ்வு தடித்துப்போகிறது. என்னுடையது சோர ஆரம்பித்துவிட்டதாம். அது முழுக்கக் கைவிட்டால், வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினோடு படுத்துக்கிடக்க வேண்டும். அப்புறம் எங்கே ஸ்கூல், எங்கே ஸ்டியரிங்? உட்கார்ந்து சாப்பிடுகிற ஜாதகமா எனக்கு?

இங்கே ஒரு சின்ன டாக்டர் இருக்கிறாள். சின்ன வயசு, அதனால் நாங்கள் வைத்த பெயர். சர்க்கரைக்குப் பதிலாக வேறொரு பொருளை வைத்துப் புதிய தண்ணீர் தயார் செய்திருக்கிறார்களாம். பல ஊர்களில் சோதிக்கிறார்கள், இங்கே இவள் பொறுப்பு. பாதிப் பேருக்குப் புதிய பை, பாதிப் பேருக்குப் பழைய பை. பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

நீ கிட்னி தருகிறேன் என்றதை நான் மறக்கவில்லை. இந்தக் கட்டி இரத்த சம்பந்தத்தில் வரக்கூடியது என்பதால் உனக்கு முதலில் ஸ்கேன் எடுப்பார்களாம். பொருந்தினால் சோதனையிலிருந்து விலகி உன்னிடம் வருகிறேன். பொருந்தாவிட்டால் இந்தப் பைதான் எனக்கு வழி.

குட்டிக்கு அத்தையின் முத்தங்கள்.

உன் அக்கா

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும். குட்டிக்குக் கீழே இரண்டு பல். அதை வைத்துக்கொண்டு என் விரலைப் பதம் பார்க்கிறாள்.

உன் கடிதத்தைத் துறைமுகத்தில் கிரேன் மேலேயே உட்கார்ந்து படித்தேன். ஏணி ஏறி மேலே போய்விட்டால் எனக்கும் கடலுக்கும் நடுவில் யாரும் இல்லை. கீழேயிருந்து போர்மேன், "என்னய்யா, பெட்டிய அந்தரத்துல தொங்க விட்டுட்டு காதல் கடிதாசு படிக்கறியா?" என்று கத்தினார். அக்கா கடிதாசு என்றேன். "அப்ப இன்னும் ஆபத்து, சீக்கிரம் படி" என்றார். உன் கீர்த்தி இங்கே வரை பரவியிருக்கிறது.

வியாழக்கிழமை ஸ்கேன். ஒரு கிட்னி என்ன, சின்ன வயதில் நீ என்னை அடித்த அடிகளை எல்லாம் சேர்த்துத் திருப்பித் தருகிறேன். சோதனை, கீதனை என்று அலையாதே. நான் இருக்கிறேன். முடிவு வந்த உடனே எழுதுகிறேன்.

அன்புத் தம்பி

பிப்ரவரி 22

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நான் நலத்துக்கும் ஒரு படி மேலே.

எனக்கு வந்திருப்பது புதிய பைதான்! யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ஆனால் உடம்பு சொல்கிறதே. கால் வீக்கம் வடிந்து, மாட்டாமல் கிடந்த செருப்பு மாட்டுகிறது. நேற்று ஒரு அம்மாள் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று சுவரை நோக்கிப் போனார். பக்கத்து சீட்டில் இருக்கும் என் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். முன்னெல்லாம் அப்படி மிதித்தால் மூச்சு வாங்கும், இப்போது பாட்டே பாடலாம் போலிருந்தது.

சின்ன டாக்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சோதனையில் இருக்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், கை கழுவுகிற இடம் எப்படி இருக்கிறது, பையை எங்கே மாட்டுகிறோம் என்று பார்த்தாள். நம் ஆபீஸ் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறிமேல் இருந்த தூசியைத் தன் கையால் துடைத்தாள். "டாக்டருக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றேன். "தூசிக்கு நான் டாக்டர்னு தெரியாதுக்கா" என்றாள். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிக்கிறாள். இவளைப் பெற்றவர்கள் புண்ணியவான்கள். கறார் சிஸ்டர் என்று ஒரு நர்ஸ் கூட இருக்கிறாள். உப்பு ஒரு கல் கூடினாலும் என் எடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஸ்கேன் என்ன ஆயிற்று? கடிதாசு வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா

மார்ச் 30

தம்பி,

சௌக்கியம்தானே? குட்டிக்கு உடம்பு சரியில்லையா? போன் அடித்தால் உன் வீட்டுக்காரி, "வேலைக்குப் போயிருக்காரு, நல்லாத்தான் இருக்காரு" என்கிறாள். நல்லாத்தான் இருக்கிறவனுக்குப் பேனா பிடிக்கக் கை இல்லையா?

பயமாக இருந்தால் பயம் என்று சொல்லிவிடு. இல்லை, உன் வீட்டுக்காரி வேண்டாம் என்றால் அதையும் சொல். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு புருஷனை ஆபரேஷன் மேஜையில் படுக்கவைக்க எவளுக்கு மனசு வரும்? நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன். பிறகு சரியாகிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. என்னோடு சோதனையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சுவாக்கில், "வடிச்சதை ஊத்தறப்போ நாலு சொட்டு சிந்தினாப் போதும், எங்க வீட்டுல எறும்பு திருவிழாதான்" என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். "எங்க வீட்லயும் முன்னெல்லாம் வரும். இப்ப வர்றதில்லையே" என்றார்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த முறை, இங்கே சோதனையில் இருக்கிற நாங்கள் ஆறு பேரும் வடித்த தண்ணீரில் கொஞ்சம் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரிப் பின்பக்கத்துச் சுவர் ஓரமாக ஆளுக்கொரு பாட்டில் மூடியில் ஊற்றி வைத்துவிட்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள்போல உட்கார்ந்தோம். மூன்று மூடிகளை எறும்புகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றை மொய்த்துத் தள்ளிவிட்டன. மொய்த்த மூடிகளில் முதல் மூடி என்னுடையது.

எனக்கு வந்தது பழைய பை, தம்பி. அதே சர்க்கரைத் தண்ணீர்.

பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. துறைமுகத்தில் ஏகப்பட்ட கப்பல்.

பரிசோதனை முடிந்தது. உனக்கும் எனக்கும் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் என்ன செய்வது? மன்னித்துவிடு. வீட்டில் யாரும் தடுக்கவில்லை, அவள்மேல் பழி போடாதே.

சில விஷயங்கள் கேட்க வேண்டும் என்று தோன்றியது. சும்மாதான். அந்தக் குழாய் வைக்கும்போது வலித்ததா? அதோடு குப்புறப் படுக்க முடியுமா? ஏணி ஏறலாமா, உயரமான ஏணி? இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் கட்டினால் குழாயை அழுத்துமா? குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டால், அது காலை உதைத்தால் என்ன ஆகும்? பை மாற்றுவதைக் குழந்தை பார்த்தால் பயந்துபோகுமா? அந்தப் புதிய பை நிஜமாகவே நல்லதா, எத்தனை வருஷத்தில் எல்லோருக்கும் கிடைக்கும்?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மே 4

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே உடம்புக்குக் குறைவில்லை, மனசுதான் சரியில்லை.

பொருந்தவில்லை என்பதை இரண்டு மாசம் கழித்தா சொல்வது? நான் பாட்டுக்கு உன் வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லாதே.

எறும்பு விவகாரம் வெடித்துவிட்டது. கறார் சிஸ்டர் மூடிகளைப் பார்த்துவிட்டாள். சின்ன டாக்டர் எங்களை வரிசையாக உட்காரவைத்து, "ரெண்டு வருஷம் ராத்திரி பகல் பாக்காம திட்டம் போட்டோம். எல்லாத்தையும் எறும்புகிட்ட ஒப்படைச்சுட்டீங்களே!" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. எங்களைத் திட்டிவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டாள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. இனிமேல் 'நன்றாக இருக்கிறது, இல்லை' என்று நாங்கள் வாயால் சொல்வதை அவ்வளவாக நம்ப மாட்டார்களாம். இரத்தப் பரிசோதனையும் வடிந்த தண்ணீரின் அளவும்தான் பேசுமாம்.

"பழைய பைன்னா எனக்கு எப்படிம்மா கால் வீக்கம் வடிஞ்சுது?" என்று கேட்டேன். "சோதனைன்னு சேர்ந்ததிலேர்ந்து உப்பைத் தொடல, ஒரு வேளைப் பை கூடத் தவறல. அதான் வடிஞ்சுது. பேரு புதுப் பைக்குப் போயிருக்கும். அதுக்குத்தான் யாருக்கும் சொல்றதில்ல" என்றாள். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. செருப்பு மாட்டியதற்கு நான் ஆடிய ஆட்டம் என்ன!

நான் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் கிடைக்காத இடத்தில், வாராவாரம் ஊசி குத்திக்கொண்டு நான் ஏன் உட்கார வேண்டும்? வேறு மருந்து, வேறு டாக்டர் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட வேண்டும். உன் கேள்விகளுக்குப் பிறகு எழுதுகிறேன். இப்போது மனசு இல்லை.

அக்கா

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நன்றாகச் சாப்பிடு. தண்ணீர் குடிக்கிறாயா?

உன் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மாமா தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "உனக்கு ஏது கைக்குழந்தை? நீ எந்த ஏணி ஏறப் போற? இவன் எதுக்கு இதெல்லாம் கேக்கறான்?" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எழுதுகிறேன்.

குழாய் வைக்கும்போது வலிக்காது, மரத்துப்போக ஊசி போடுவார்கள். அப்புறம் சில நாள் தும்மினால் வலிக்கும், சிரித்தால் வலிக்கும். ஆகவே அந்த நாட்களில் என்னைப் பார்க்க வரக் கூடாது. குப்புறப் படுப்பது கஷ்டம். ஒருக்களித்துப் படுக்கப் பழகிவிடலாம், ஒரு மாசத்தில் அதுவே சுகம் என்று ஆகிவிடும்.

ஏணி விஷயம் எனக்கே தெரியவில்லை. சின்ன டாக்டரைக் கேட்டேன். வயிற்றில் தண்ணீர் இல்லாத நேரத்தில் ஏறலாம், பெல்ட்டைக் குழாய்க்கு மேலே தள்ளிக் கட்ட வேண்டும் என்றாள். அவள் சொன்னால் போதுமா? பையை வடித்துவிட்டு, மாமாவின் பெல்ட்டை மார்புக்குக் கீழே கட்டிக்கொண்டு, மொட்டை மாடித் தொட்டி ஏணியில் நானே ஏறிப் பார்த்தேன். பாதியில் எதிர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா, என்ன ஆச்சு? எறங்குங்க, எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்!" என்று அலறினார். ஏறலாம், தம்பி. அழுத்தவில்லை. இறங்கும்போது மட்டும் வயிறு படியில் உரசாமல் கொஞ்சம் தள்ளி நின்று இறங்க வேண்டும்.

குழந்தையைக் குழாய் இல்லாத பக்கத்து இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். உதைத்தாலும் ஒன்றும் ஆகாது, குழாயை வயிற்றோடு சேர்த்து ஒட்டி வைத்திருப்போம். பயப்படுமா என்று கேட்டாய். கீழ் வீட்டுக் குழந்தை நான் பை மாற்றும்போது கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கும். "அத்தைக்குப் பால் குடுக்கறாங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான் அவர்கள் பயம்.

புதிய பை நல்லதா என்றாய். தெரியாது. தெரிந்துகொள்வதற்குத்தான் இத்தனை பாடு. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போனவள் போடாமல் வந்துவிட்டேன். சின்ன டாக்டரிடம், "பழைய பைக்காரி நான் ஒழுங்கா இருந்தா உங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். "நீங்க இல்லாம புதுசு நல்லதுன்னு நான் எதை வெச்சு சொல்றது?" என்றாள். சரிதானே. ஒரே வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு இதுதான் உசத்தி என்று எவனும் சொல்ல முடியாது. பழைய பைக்காரர்கள் பாதியில் இறங்கிவிட்டால் சோதனையே படுத்துவிடும். மற்ற இரண்டு பேரும் விலகத்தான் இருந்தார்கள். நான் பேசி உட்காரவைத்திருக்கிறேன்.

அதனால் இருக்கிறேன். முடிகிறவரைக்கும் இருப்பேன். வேறு என்ன கேட்க வேண்டுமோ கேள். சும்மாவே கேள்.

உன் அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

நாங்கள் நலம். குட்டி எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஏணி ஏறினாய் என்றதும் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. உனக்கு என்ன பைத்தியமா? பழைய பை என்று தெரிந்த பிறகும் அதே சர்க்கரையை வயிற்றில் விட்டுக்கொண்டு யாருக்காக உட்கார்ந்திருக்கிறாய்? யாரோ முகம் தெரியாதவர்களுக்கா? உன் ஸ்கூல் என்ன ஆவது? நல்ல டாக்டராகப் பார்த்து வெளியே வா.

என்னை இப்போது கிரேனிலிருந்து இறக்கிக் கீழே ஆபீஸில் போட்டிருக்கிறார்கள். வெயில் காலம் என்பதால் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பிரஷர் கொஞ்சம் கூட இருந்தது, அதுவும் வெயிலால்தான். நீ ஒன்றும் நினைக்காதே.

தம்பி

ஆகஸ்ட் 25

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன், ஆனால் பதறாதே. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

தப்பு என்னுடையதுதான். மத்தியானம் பையைக் குழாயோடு இணைக்கிற நேரம். வெளியே ஒருத்தி ஹாண்ட் பிரேக்கை எடுக்காமலே வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? வாய்க்கட்டைக் கீழே இழுத்து, ஜன்னலைத் திறந்து, "அம்மா தாயே, பிரேக்க எடும்மா!" என்று ஒரு கத்து கத்தினேன். தூசியும் என் எச்சிலும் எங்கெங்கே விழுந்தனவோ. மறுநாள் வடித்த தண்ணீர் கலங்கலாக வந்தது. பையைச் செய்தித்தாள்மேல் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும், தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கிருமி தொற்றிவிட்டது.

சின்ன டாக்டர் இரண்டு நாள் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. மருந்து கேட்டுவிட்டது, தண்ணீர் தெளிந்துவிட்டது. கறார் சிஸ்டர்தான் இன்னும் தெளியவில்லை. "டிரைவிங் கத்துக் குடுக்கறவங்க சிக்னல மதிக்கணும்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

இந்தத் தொற்றினால் சவ்வு இன்னும் கொஞ்சம் சோர்ந்திருக்கும். இப்போதே மெஷினுக்கு மாற வேண்டியதில்லை, ஆனால் விலக நினைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார்கள். "இந்த மாதிரி விலகறவங்க கணக்கும் உங்களுக்கு வேணும்தானே?" என்று கேட்டேன். "வேணும். ஆனா இருக்கறவங்க கணக்கு அதைவிட வேணும்" என்று உண்மையைச் சொன்னாள். அந்த உண்மைக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

யாருக்காக என்று கேட்டிருந்தாய். முகம் தெரியாதவர்களுக்காக இல்லை.

பிரஷர் மாத்திரையை வேளா வேளைக்குப் போடு. வெயில் போன பிறகும் போடு.

அக்கா

டிசம்பர் 2

அன்புள்ள தம்பி,

ஆகஸ்ட்டில் எழுதியதற்கு நீ பதிலே போடவில்லை. போன் செய்தாய், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாய், வைத்துவிட்டாய். பரவாயில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. மாமாவும் நலம்.

எங்கள் பங்கு முடிந்துவிட்டது. எல்லோரையும் கூப்பிட்டு உறையைப் பிரித்தார்கள். நான் பழைய பைதான். தையல்காரர் புதிய பை. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "உங்களுக்குத்தாங்க முதல்ல கிடைச்சிருக்கணும்" என்றார். எல்லா ஊர்க் கணக்கும் சேர்ந்து முழு முடிவு வர நாளாகுமாம். இங்கே பார்த்தவரைக்கும் புதிய பைக்காரர்களுக்கு நீர் எங்களைப்போலவே வடிந்திருக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை. சவ்வு அதிக வருஷம் தாங்குமா என்று சொல்ல இன்னும் சில வருஷங்கள் ஆகும். பழைய பைக்காரர்கள் விரும்பினால் இனிப் புதியதற்கு மாறிக்கொள்ளலாம். ஜனவரியிலிருந்து எனக்கும் அதுதான். ஸ்கூல் நடக்கிறது. நேற்று மூன்று பேர் லைசென்ஸ் வாங்கினார்கள்.

சின்ன டாக்டர் எங்கள் ஆறு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். இந்தப் பெண்ணா அன்றைக்கு அந்தத் திட்டு திட்டியது என்று இருந்தது.

இனி நம் விஷயம். உனக்கு ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று எனக்கு மே மாசமே தெரியும். பொருந்தாமல் போனது இரத்தம் இல்லை. எனக்கு இருக்கிற அதே நீர்க்கட்டிகள்தான் உன்னிடமும். நீ சொல்வாய் சொல்வாய் என்று காத்திருந்தேன், நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, வற்புறுத்தினால் இன்னும் உள்ளே போய்விடுவாய் என்று தெரியும். வண்டி ஓட்டப் பயப்படுகிறவர்களோடு எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்!

உன் சிறுநீரகம் இன்னும் பல வருஷம் ஓடலாம். ஓடட்டும். ஒருவேளை நின்றால், அன்றைக்கு உன் வயிற்றில் எந்தத் தண்ணீரை விடுவது என்று யாரும் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. நான் உன் அக்கா.

உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டாயா? சொல்லியிருக்க மாட்டாய். சொல்லிவிடு.

உன் அக்கா

டிசம்பர் 18

அக்கா,

நலம் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். நான் நலமாக இல்லை, அக்கா. பிப்ரவரியிலிருந்தே இல்லை. இரண்டு பக்கமும் கட்டிகள். பிரஷர் அதனால்தான், வெயிலால் இல்லை. இப்போதைக்கு வேலை செய்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது சரியல்ல. எனக்காகப் பயந்து மறைக்கவில்லை. வாயைத் திறந்து எனக்கு இருக்கிறது என்று சொன்னால், கேட்கிறவர் யாராக இருந்தாலும் அடுத்த கேள்வி குட்டியைப் பற்றித்தான் இருக்கும். அவளுக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். அவளுக்கு இப்போது எதுவும் எடுத்துப் பார்க்க வேண்டாம், வளரட்டும் என்றார். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எனக்காக உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அக்கா, உனக்குத் தெரியாமலே குட்டிக்காகவும் உட்கார்ந்திருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்தபோது துறைமுக ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். போர்மேன் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

உன்னைப்போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் அடித்ததற்கெல்லாம் சேர்த்து உன்னை மன்னித்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரியிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத்தனை மாசமா எங்கிட்டகூடச் சொல்லாம எப்படிங்க இருந்தீங்க?" என்றாள். மறுநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் குட்டிக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "லீவு போடுங்க. அக்கா பை மாத்தறத நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். நாளைக்கு உங்களுக்கு மாட்டப்போறது நான்தானே?" என்றாள்.

வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறோம். மூன்று பேரும்.

உன் தம்பி